முப்பத்துமூன்று பேருக்காகப் பரீட்சை எழுதியவன்

பாளையம் சந்தைக்குப் பின்னால், மீன் வாடை முடிந்து மல்லிகைப்பூ வாடை தொடங்குகிற இடத்தில் ‘செண்பகா நெட்’ இருந்தது. உள்ளே ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். வாசலையொட்டி ஒரு ஜெராக்ஸ் மெஷின், அதன் பின்னால் ஒரு ஸ்டூலில் செண்பகவல்லி. அவளுடைய கணவன் வன்னியராஜ் உள்ளே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டான். கடைக்கு மனைவியின் பெயரை வைத்தது அன்பினால்தான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவான். ‘வன்னியராஜ்’ என்று எழுத போர்டில் இடம் போதாது என்று பெயிண்டர் கைவிரித்த கதை செண்பகவல்லிக்குத் தெரியும். ஆனாலும் சபையில் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

வன்னியராஜுக்குச் சங்கரன்கோவில் பக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் திருவனந்தபுரம் வந்து சாலைக் கடைவீதியில் ஒரு ஓட்டலில் இலை எடுத்தான். இலை எடுத்த கையோடு மாலையில் டைப்ரைட்டிங் படித்து லோயர் பாஸ் செய்தான். பிறகு ஒரு டைப்பிங் கடையில் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் நகரத்து மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் பாதியை அவன்தான் அடித்துக் கொடுத்திருப்பான். தவளையின் ஈரல், ரப்பர் மரத்து நோய், கடல் மணலில் இருக்கும் தாது, எல்லாம் அவன் விரல் வழியாகப் போயின. ஒன்றும் தலைக்குள் போகவில்லை. ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகத் தெரியும், அவ்வளவுதான். கடையை நடத்தியவர் வளைகுடாவுக்குப் போனபோது இவன் அதை எடுத்து நெட் கடையாக்கினான்.

நடந்துபோகும் தூரத்தில் ஒரு கல்லூரி. அங்கே கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள் சுப்புலக்ஷ்மி. ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரி, முப்பத்தைந்து வயது. இரண்டாம் வருஷப் பிள்ளைகள் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் லேபுக்குள் நுழைந்து, எந்த பாட்டிலில் ஆசிட் இருக்கிறது என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. டெக்னோபார்க்கில் வேலை பார்த்த தம்பி மஹேஷைப் பிடித்து, 2005 கோடை விடுமுறை முழுக்க உட்கார வைத்து, ஒரு வெப்சைட் செய்ய வைத்தாள். ஒவ்வொரு சோதனைக்கும் படிக்க ஒரு பக்கம். அடுத்து ஒரு பொம்மை லேப்: மவுஸை அமுக்கினால் ப்யூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டு விழும், விட்டால் நிற்கும், கீழே ஃப்ளாஸ்கில் நிறம் மாறும். கடைசியில் பத்துக் கேள்வி. எட்டு சரியாக இருந்தால் ஒரு சீட்டு பிரிண்ட் ஆகும். சீட்டு இல்லாதவனுக்கு லேபில் இடமில்லை.

கல்லூரியில் பிள்ளைகளுக்கென்று கம்ப்யூட்டர் கிடையாது. வீட்டில் இன்டர்நெட் இருந்தவர்கள் முப்பத்தாறு பேரில் மூன்று பேர். மீதி முப்பத்துமூன்று பேரும் செண்பகா நெட்டுக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவள் அனுஷா. போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, வீட்டில் தமிழ். வித்துரா பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து இன்னொன்று மாறிப் போகவேண்டும். அன்றைக்கு லைன் மெதுவாக இருந்தது. பொம்மை லேப் பாதி வந்து அப்படியே நின்றுவிட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கண் கலங்க வன்னியராஜைப் பார்த்தாள்.

“அண்ணா, அஞ்சே கால் பஸ்ஸ விட்டா எனக்கு மாறுறதுக்கு வண்டி இல்ல.”

“நீ போம்மா. பாஸ்வேர்டை எழுதி வச்சிட்டுப் போ. லைன் வந்ததும் நான் முடிச்சு வைக்கேன்.”

“அண்ணாவுக்கு கெமிஸ்ட்ரி தெரியுமா?”

“அடிச்சிருக்கேன்,” என்றான் வன்னியராஜ்.

அவள் போனபிறகு படித்துப் பார்த்தான். புரியவில்லை. பரீட்சையில் பத்துக்கு மூன்று வந்தது. மறுபடி படித்தான். ஐந்து. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு மூன்றாம் முறை படித்தான். பொம்மை ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறமே இல்லாத தண்ணீர் ஒரே ஒரு சொட்டில் இளம் ரோஸ் நிறமானபோது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒன்பது வந்தது. அனுஷாவுக்குச் சீட்டு தயார். அதோடு அவன் நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. இன்னும் ஒன்று ஏன் வரவில்லை என்ற அரிப்பில் கடை அடைக்கும்வரை உட்கார்ந்து பத்தாக்கினான்.

மறுநாள் அனுஷாவின் தோழி வந்தாள். அதற்கடுத்த நாள் தோழியின் கூட்டம். மூன்றாவது வாரத்தில் மொத்த வகுப்பும் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு சினிமாவுக்கும் சங்குமுகம் கடற்கரைக்கும் போகத் தொடங்கியது. ஒரு மணி நேர நெட் காசைத் தந்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் செண்பகவல்லி சீட்டுகளை வரிசை எண்படி அடுக்கித் தருவாள்.

வன்னியராஜ் இதைத் தப்பு என்று நினைக்காமல் இல்லை. நினைத்தான். ஆனால் கேள்விகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும், எண்கள் மாறும். ஒரே சோதனையை முப்பத்துமூன்று தடவை செய்தாலும் முப்பத்துமூன்றும் வேறு வேறு. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று விளங்கியது. அதுவரை அவன் அடித்த ஆயிரம் பக்கங்களும் சேர்ந்து செய்யாததை அந்தப் பொம்மை லேப் செய்தது.

சந்தேகம் வராமலிருக்க மதிப்பெண்ணைப் பார்த்துப் பார்த்துப் போட்டான். அனுஷாவுக்கு எப்போதும் பத்து. செல்வின் என்ற பையன் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டே பேசுவான், அவனுக்கு எட்டு போதும். ஜெராக்ஸ் தாமதமானதற்குச் செண்பகவல்லியிடம் எரிந்து விழுந்த ஒருவனுக்கு அந்த வாரம் ஏழு போட்டான். அவன் லேபுக்கு வெளியே நின்றான். அதற்கடுத்த வாரம் வந்து, “சேச்சி, சுகமல்லே?” என்று அவளிடம் தனியாக விசாரித்துவிட்டுப் போனான்.

வீட்டிலும் படிப்பு முற்றியது. ஒருநாள் சாம்பார் சிந்திய சட்டையில் சோப்பைத் தேய்த்தான். மஞ்சள் கறை ரத்தச் சிவப்பானது. “ஏட்டி, இங்கன வா. மஞ்சள் ஒரு இண்டிகேட்டர். சோப்பு காரம். இப்பப் பாரு,” என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான். கறை மறுபடி மஞ்சளானது. மறுபடி சோப்பு, மறுபடி சிவப்பு. நாலாவது தடவை எலுமிச்சம்பழத்துக்குக் கை நீட்டியபோது செண்பகவல்லி பழத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

“சட்டையைத் துவைக்கச் சொன்னா வித்தை காட்டுதீய. இது ஊறுகாய்க்கு வச்ச பழம்.”

அவனைக் காட்டிக்கொடுத்தது ஆசைதான். பக்கத்தின் அடியில், ‘சந்தேகம் இருந்தால் இங்கே எழுதுக’ என்று ஒரு பெட்டி இருந்தது. மூன்று மாதம் அதைத் தொடாமல் கட்டுப்பாடாக இருந்தான். நான்காவது மாதம் முடியவில்லை. ‘டீச்சர், இளம் ரோஸ் நிறம் வந்தபிறகு கொஞ்ச நேரத்தில் தானாக மங்கிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே போகிறது?’ என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அனுஷாவின் பெயரில் தட்டிவிட்டான். மறுநாளே பதில் வந்தது: காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்து காரத்தைத் தின்றுவிடுகிறது, நல்ல கேள்வி. ‘நல்ல கேள்வி’ என்ற இரண்டு வார்த்தையை அவன் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டான். அதன்பிறகு அணை உடைந்தது. யார் பெயரில் பரீட்சை எழுதுகிறானோ அவர் பெயரில் ஒரு சந்தேகம்.

சுப்புலக்ஷ்மிக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருஷ சர்வீஸில் பிள்ளைகள் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, “டீச்சர், இது பரீட்சைக்கு வருமோ?” என்பதுதான். இப்போது வாரத்துக்கு முப்பது சந்தேகம். சந்தோஷம் தாங்காமல் ஒருநாள் வகுப்பில் சொன்னாள்:

“முப்பத்தொண்ணாம் நம்பர் செல்வின், எழுந்திரு. எல்லாரும் கேளுங்கோ. ப்யூரெட்ல மட்டம் பார்க்கறச்சே சாதாரணமா திரவத்தோட கீழ்வளைவைத்தான் பார்க்கச் சொல்றோம். பர்மாங்கனேட் கறுப்பா இருக்கறதால மேல்விளிம்பைப் பார்க்கச் சொல்றோம். பின்னாலேர்ந்து டார்ச் அடிச்சாக் கீழ்வளைவு தெரியுமான்னு கேட்டிருக்கான். எத்தனை யோசிச்சிருக்கான் பாருங்கோ. செல்வின், எப்படித் தோணித்து?”

செல்வின் நெற்றி முடியை ஒதுக்கினான். “டார்ச்சோ? ஏது டார்ச், டீச்சர்?”

வகுப்பு தலையைக் குனிந்துகொண்டது. சுப்புலக்ஷ்மி சிரித்த முகத்தோடே அடுத்த பெயரைக் கூப்பிட்டாள், அதற்கடுத்த பெயரைக் கூப்பிட்டாள். ஐந்து பேர் எழுந்து நின்றார்கள். ஐவருக்கும் தாங்கள் என்ன சந்தேகப்பட்டோம் என்று தெரியவில்லை. அவள் ஐவரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தை முடித்தாள்.

வீட்டுக்குப் போய், வெப்சைட்டில் புதிதாக ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னாள். மஹேஷ் படித்துவிட்டு, “அக்கா, இது கெமிஸ்ட்ரியே இல்லையே,” என்றான். “சும்மா போடுடா,” என்றாள் அவள்.

அந்த வாரம் வன்னியராஜ் பத்தாவது கேள்விக்கு வந்து திகைத்தான். ‘நம்முடைய லேபின் வாசற்கதவு என்ன நிறம்? பச்சை, பழுப்பு, நீலம், வெள்ளை.’ இருபது நிமிஷம் யோசித்தான். பிள்ளைகளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் ஆறு மாதமாக ஒரு கேள்விக்கும் யாரையும் கேட்டதில்லை என்ற கர்வம் தடுத்தது. கதவு மரமாகத்தான் இருக்கும், ஆசிட் புகை படிந்தால் மரம் பழுப்பாகத்தான் ஆகும் என்று அறிவியல்பூர்வமாக முடிவு செய்து, ‘பழுப்பு’ என்று முப்பத்துமூன்று தடவை அமுக்கினான்.

கதவு பச்சை. தினமும் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற முப்பத்துமூன்று பேர் அதைப் பழுப்பு என்றிருந்தார்கள். வீட்டில் இன்டர்நெட் இருந்த மூன்று பேர் மட்டும் பச்சை என்றிருந்தார்கள்.

எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்றான் மஹேஷ். எந்த இடம் என்பதை அவனும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செண்பகவல்லி சிக்கனக்காரி, ஜெராக்ஸில் வீணான கடை நோட்டீஸ்களைப் பாதியாக நறுக்கி, பின்பக்கத்தில்தான் சீட்டுகளைப் பிரிண்ட் எடுப்பாள். சுப்புலக்ஷ்மி கையிலிருந்த சீட்டைத் திருப்பினாள். ‘செண்பகா நெட், பாளையம், லேமினேஷன் செய்து தர’ என்பது வரை இருந்தது. அடுத்த சீட்டைத் திருப்பினாள். ‘ப்படும்’ என்றிருந்தது.

மறுநாள் மாலை நாலு மணிக்கு அவள் கடைக்குள் நுழைந்தபோது வன்னியராஜ் அவளை ஏதோ ஆபீஸ் கிளார்க் என்று நினைத்தான். அவள் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தன் அண்ணன் பெண்ணுக்கு ஒரு காலேஜ் பரீட்சை எழுதவேண்டும், தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாள்.

“கெமிஸ்ட்ரியா?” அவன் முகம் மலர்ந்தது. “அத விடுங்க. நம்ம சப்ஜெக்ட்டுதான்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சொட்டு விழ விழ விளக்கம் சொன்னான். அவள் நடுவில் வேண்டுமென்றே தப்பாக ஒன்று கேட்டாள். திருத்தினான். திருத்தியது சரியாக இருந்தது.

“இந்த டீச்சர் எப்படி, நல்லாச் சொல்லித் தராளா?” என்றாள் அவள்.

“நல்ல டீச்சர்தான். மோசம் சொல்லக் கூடாது. கொஞ்சம் சந்தேகப் பிராணி, அல்லே? போன வாரம் கதவு என்ன நிறம்னு ஒரு கேள்வி. அதுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க. வீட்டுல ஏதோ சள்ளை போல.”

“இருக்கலாம். அப்பறம்?”

“இங்கிலீஷ் ரொம்ப நீட்டி எழுதுதாங்க. ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா நடுவுல ஒரு சாயா குடிச்சிட்டு வந்துரலாம். அதைக் கொஞ்சம் வெட்டினாங்கன்னா பிள்ளைங்களே படிச்சிரும். என்கிட்ட வர வேண்டியதில்ல.”

சுப்புலக்ஷ்மி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். பிறகு, “கதவு பச்சை,” என்றாள்.

வன்னியராஜ் மவுஸிலிருந்து கையை எடுத்தான். வாசலில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது நின்றது, செண்பகவல்லிக்குக் காது கூர்மை.

“டீச்சரா?” என்றான்.

“ஆமாம்.”

அவன் எழுந்து நின்றுகொண்டான். வேட்டி நுனியைத் தேடி, பேண்ட் போட்டிருப்பது நினைவுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டான். “தப்புதான், டீச்சர். பிள்ளைங்கள ஒண்ணும் செஞ்சிராதீங்க. முதல்ல நான்தான் எழுதித் தாரேன்னேன். அவங்க கேக்கல.”

சுப்புலக்ஷ்மி கோபத்தை வீட்டிலிருந்து தயாரித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். போலீஸ், பிரின்ஸிபல், கடைக்குப் பூட்டு என்று வரிசையாக வைத்திருந்தாள். ஒரு கோடை முழுக்கத் தம்பியின் தூக்கத்தைக் கெடுத்துச் செய்த காரியம். அதில் ஒரே ஒருத்தன்தான் படித்திருக்கிறான். அவனும் தன் வகுப்பில் இல்லை. நினைக்க நினைக்க முதலில் அழுகை வரும்போலிருந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்:

“டார்ச் கேள்வி யாருது?”

“என்னுதுதான்.”

“எத்தனை தடவை பரீட்சை எழுதியிருக்கேள்?”

“அறுநூறுக்கு மேல இருக்கும்.”

“சலிக்கலையா?”

“சலிக்கல, டீச்சர். ஒரு சின்ன வருத்தம்தான். அந்தச் சொட்டு நெசத்துல எப்படி விழும்னு பாத்ததில்ல.”

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “சனிக்கிழமை பத்து மணிக்கு லேபுக்கு வாங்கோ. வரலைன்னா பிரின்ஸிபலைக் கூட்டிண்டு நான் இங்கே வருவேன்.”

அவள் படியிறங்கியதும் செண்பகவல்லி உள்ளே வந்தாள். “நல்ல டீச்சரு. நானா இருந்தா சள்ளைன்னு சொன்ன இடத்துலயே ஒண்ணு வச்சிருப்பேன்.”

சனிக்கிழமை வன்னியராஜ் அயர்ன் செய்த முழுக்கைச் சட்டை போட்டு, பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு போனான். பச்சைக் கதவைத் தள்ளியதும், உள்ளே நின்ற முப்பத்தாறு பேரில் முப்பத்துமூன்று பேருக்கு ரத்தம் வற்றிப்போயிற்று. சுப்புலக்ஷ்மி அவர்களை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. “இவர் அறுநூறு தடவை பாஸ் பண்ணினவர். எப்படிப் பண்றார்னு பார்க்கலாம்,” என்று மட்டும் சொல்லி, அவனை ஒரு மேஜை முன்னால் நிறுத்தினாள்.

எல்லாம் தெரிந்த பொருள்கள்தான். ஆனால் ப்யூரெட் இத்தனை உயரம் என்று திரை சொல்லவில்லை. பிப்பெட்டில் உறிஞ்சும்போது எத்தனை இழுப்பது என்றும் சொல்லவில்லை. ஆக்ஸாலிக் ஆசிட் இரண்டு துளி நாக்குக்கே வந்துவிட்டது. அவன் ஓடிப்போய்த் தொட்டியில் துப்பி வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். ப்யூரெட்டின் குழாயைத் திறந்தான். சொட்டு விழுந்தது. நிஜச் சொட்டு. விழுந்த இடத்தில் ரோஸ் நிறம் தோன்றி, சுழற்றியதும் மறைந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். நிறம் நிற்கப்போகிறது என்று தெரிந்த நொடியில் பழக்கதோஷத்தில் ஆள்காட்டி விரலை மேலே தூக்கினான். மவுஸாக இருந்தால் நின்றிருக்கும். இது குழாய், அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டேயிருந்தது. ஃப்ளாஸ்கில் இருந்தது ரோஸ்மில்க் ஆகிவிட்டது.

செல்வின் மூக்கால் சிரித்தான். வன்னியராஜ் அவனைத் திரும்பிப் பார்த்து, “எட்டு மார்க்கு,” என்றான் மெதுவாக. செல்வின் சிரிப்பை விழுங்கினான்.

இரண்டாவது தடவை இடதுகையைக் குழாயைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள் அனுஷா. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது தடவை, ஒரு சொட்டு, அரைச் சொட்டு, நிறம் வந்து நின்றது. பூவிதழ் கழுவின தண்ணீர் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ரோஸ். வன்னியராஜ் ஃப்ளாஸ்கை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அது மங்கும்வரை கீழே வைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் துறைத்தலைவர் நீலகண்டன் உள்ளே வந்தார். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. லேபுக்கு வருவதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று முதல் நாளிலிருந்தே முணுமுணுத்தவர். இந்த வெப்சைட்டைப் பார்வையிட யாரோ வருவார்கள் என்று பல்கலைக்கழகத்திலிருந்து அந்த வாரம்தான் அவருக்குக் கடிதம் வந்திருந்தது. உள்ளே பார்த்தால், அயர்ன் சட்டையும் இரண்டு பேனாவுமாக ஓர் ஆள் ஃப்ளாஸ்கை வெளிச்சத்தில் வைத்து ஆராய்கிறார். அவரைச் சுற்றி மொத்த வகுப்பும் பயந்து நிற்கிறது. நீலகண்டன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

“நமஸ்காரம். சார் எங்கேர்ந்து?”

“பாளையத்துலேர்ந்து, சார்.”

பல்கலைக்கழக ஆபீஸ் இருப்பதும் பாளையத்தில்தான். நீலகண்டன் இன்னும் கொஞ்சம் குனிந்தார். சுப்புலக்ஷ்மி சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டாள்.

“நம்ம வெப்சைட்டைப் பார்த்தாச்சோ?”

“ஆறு மாசமாப் பாக்கேன், சார். அறுநூறு தடவைக்கு மேல.”

நீலகண்டன் ஆடிப்போனார். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஓர் அதிகாரியை அவர் கண்டதில்லை. உடனே சாயாவும், வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரியும் வந்தன. “சாருக்கு என்ன அபிப்பிராயம்? குறை இருந்தா மறைக்காமச் சொல்லணும்.”

வன்னியராஜ் சுப்புலக்ஷ்மியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டு உண்மையை மட்டும் சொன்னான். “ரொம்ப நல்ல காரியம், சார். படிக்காத ஆளுக்குக்கூட விளங்குது. ஆனா ஒரு ஓட்டை இருக்கு. வெளியில உக்காந்து ஒரே ஆளு எல்லாருக்கும் எழுதிரலாம்.”

“சே, அப்படியும் யாராவது பண்ணுவாளோ?”

“பண்ணுவாங்க, சார்.”

பின்வரிசையில் யாருக்கோ இருமல் வந்தது. நீலகண்டன் பாக்கெட் டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

“காலேஜுக்குள்ளயே ரெண்டு மூணு கம்ப்யூட்டர் போட்டு, இங்கன உக்காந்து எழுதச் சொல்லணும். அப்புறம், பொம்மை லேப்ல விரலை எடுத்ததும் சொட்டு நிக்குது. நெசத்துல நிக்காது. எடுத்த பிறகும் ரெண்டு சொட்டு விழுற மாதிரி செஞ்சா, பிள்ளைங்களுக்கு முன்னாடியே கை பழகிரும்.” கொஞ்சம் யோசித்து, “இங்கிலீஷையும் வெட்டணும்,” என்றான்.

“அதுவும் எழுதிக்கறேன்,” என்றார் நீலகண்டன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பார்வையாளரின் பரிந்துரை என்று குறிப்பிட்டு அவர் எழுதிய கடிதத்தை எங்கும் யாரும் தடுக்கவில்லை. ஒரு மாதத்தில் லேபுக்குப் பக்கத்து அறையில் நான்கு கம்ப்யூட்டர் வந்தன. உண்மையான பார்வையாளர் அதன்பிறகு வந்தார். பத்து நிமிஷம் இருந்தார், ஒரு பொத்தானையும் தொடவில்லை, காரில் ஏறிப் போனார். “முன்னாடி ஒருத்தர் வந்தார், அவரல்லவோ ஆபீஸர்,” என்று நீலகண்டன் ரிட்டயர் ஆகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சுப்புலக்ஷ்மி ஒருநாளும் திருத்தவில்லை. பிள்ளைகளுக்கு அவள் தந்த தண்டனை ஒன்றுதான்: அதுவரை எழுதியதாகக் காட்டிய எல்லாப் பரீட்சையையும் அவரவர் முதலிலிருந்து எழுதவேண்டும், ஒவ்வொன்றிலும் தானாக ஒரு சந்தேகம் கேட்கவேண்டும். செல்வினுக்கு ஒரு சந்தேகம் உண்டாக்க இரண்டு நாள் பிடித்தது.

செண்பகா நெட்டில் மாலைக் கூட்டம் பாதியாகக் குறைந்தது. வன்னியராஜ் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. புதிய சோதனை ஒன்று வெப்சைட்டில் ஏறுவதற்கு முன்னால் சுப்புலக்ஷ்மி அவனுக்குத்தான் அனுப்பினாள். அவன் எழுதிப் பார்த்து, எங்கே ஏமாற்றலாம், எந்த வாக்கியம் புரியவில்லை என்று பதில் போடுவான். மஹேஷுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு டெக்னோபார்க்கிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் இறங்கி, ஒரு சாயா குடித்தபடி அவனோடு சண்டை போடுவது வழக்கமாயிற்று.

அடுத்த வருஷம் சுப்புலக்ஷ்மியே விண்ணப்பம் வாங்கிவந்து கொடுக்க, ஓப்பன் ஸ்கூலில் ப்ளஸ் டூ பரீட்சைக்குப் பணம் கட்டினான். செண்பகவல்லி ஆட்சேபிக்கவில்லை. ஊருக்கெல்லாம் எழுதினவர் தனக்கும் ஒருதரம் எழுதிக்கொள்ளட்டும் என்றாள். ப்ராக்டிகல் பரீட்சையில் அவனைவிடப் பாதி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, மூன்று அளவையும் ஒன்றுபோல எடுத்து முதலில் முடித்தான். பிள்ளைகள் அவன் ஃப்ளாஸ்கை எட்டிப் பார்த்தபோது கையால் மறைத்துக்கொண்டான்.

மார்க் லிஸ்ட் தபாலில் வந்த அன்று கடையில் நல்ல கூட்டம். செண்பகவல்லிதான் கவரைப் பிரித்தாள். கூட்டத்துக்கு மேலாகச் சத்தமாக வாசித்தாள்.

“கெமிஸ்ட்ரி தொண்ணூத்தொண்ணு.” வன்னியராஜ் தலையைத் தூக்கினான். “பிசிக்ஸ் அம்பது. கணக்கு நாப்பத்தி மூணு.” அவள் நிறுத்தினாள். தாளைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். “இங்கிலீஷ் இருபத்தி ஆறு. ஃபெயிலு.”

“நல்லாப் பாருட்டி.”

“நல்லாத்தான் பாக்கேன். டீச்சர் இங்கிலீஷ வெட்டச் சொன்ன ஆளு நீங்கதானே.”

கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். வன்னியராஜும் சிரித்தான். மாலையில் கடையை அவளிடம் விட்டுவிட்டு, இங்கிலீஷுக்கு மட்டும் மறுபடி விண்ணப்பம் வாங்கிவரக் கிளம்பினான்.